மாசி, பங்குனியில் மலைக்கு: திருவையாற்றிலிருந்து காரில் கிளம்பும் குடும்பத்துக்கு எந்த மலை?

சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு, தாளடியில் உளுந்து பூத்து நிற்கும் நாட்களில் திருவையாற்றுப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஆண்டில் அபூர்வமாக இரண்டு மூன்று நாள் மூச்சுவிட இடம் கிடைக்கிறது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28-இல் மூடப்பட்டுவிடுவதால் முறைத் தண்ணீருக்குக் காத்திருக்கும் வேலை இல்லை. உளுந்து பறிக்க இன்னும் நாள் இருக்கிறது. தியாகராஜர் ஆராதனைக்கு வந்த உறவினர்கள் ஊர் திரும்பியிருப்பார்கள். திருமழபாடி நந்தி கல்யாணமும் சித்திரையில் ஏழூர்ப் பல்லக்கும் இனிமேல்தான். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இல்லாத வீடாக இருந்தால், சனி ஞாயிறோடு ஒரு விடுமுறை ஒட்டிக்கொண்டதும் 'எங்கேயாவது மலைக்குப் போய்வரலாமா' என்ற பேச்சு எழும். அடுத்த நொடியே யாராவது ஊட்டி என்பார்கள், இன்னொருவர் கொடைக்கானல் என்பார். பெயரை முதலில் பிடித்துக்கொண்டு நாளை அதற்குள் திணிப்பதுதான் இந்தப் பயணங்கள் களைப்பில் முடியக் காரணம். நம்மிடம் இருக்கும் நாள் எத்தனை, காரில் யார் யார் வருகிறார்கள், அந்த மாதத்தில் மலைமேல் எது திறந்திருக்கிறது என்ற மூன்றையும் வைத்துப் பார்த்தால், தாத்தா பாட்டியும் சின்னப் பிள்ளைகளும் சேர்ந்து இரண்டு இரவு தங்கப் போகும் டெல்டாக் குடும்பத்துக்கு ஏற்காடுதான் சரியான மலை. அதற்கான காரணங்களையும், மற்ற மலைகள் யாருக்கு எப்போது பொருந்தும் என்பதையும் இங்கே எடுத்துவைக்கிறேன்.

பருவத்திலிருந்து தொடங்குவோம். ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலைக்கு மார்ச் மாதத்தில் காரில் கிளம்பும் குடும்பம் முதலில் பார்ப்பது எந்தக் கணவாய் திறந்திருக்கிறது என்பதைத்தான். சுவிட்சர்லாந்தின் கோட்ஹார்ட் கணவாய்ச் சாலை பனியால் மூடிக்கிடக்கும். 1980-இல் திறந்த சுரங்கச் சாலை வழியாகத்தான் மலையைக் கடக்க முடியும். ஆஸ்திரியாவின் கிராஸ்குளோக்னர் சாலையிலும் மே மாதத்தை ஒட்டித்தான் வண்டி ஏறும். இது தெரியாமல் அங்கே யாரும் அறை பதிவு செய்வதில்லை. நம் மலைகளில் பனி சாலையை மறிப்பதில்லை என்பதால் நாம் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. ஆனால் மாசி பங்குனியில் இங்கேயும் பல கதவுகள் அடைபட்டிருக்கும். மூணாற்றுக்கு மக்கள் போவதே பெரும்பாலும் இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடு பார்க்கத்தான். வரையாடுகள் குட்டி போடும் பருவம் என்பதால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அந்தப் பூங்கா மூடப்படும். காடு காய்ந்து கிடக்கும் காட்டுத்தீக் காலமும் இதுதான். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி இருபதுக்கு மேற்பட்டோர் இறந்ததை மறக்க முடியாது. இந்தப் பருவத்தில் வனத்துறை மலையேற்றப் பாதைகளை மூடுவது அதனால்தான். அருவிகளிலும் தண்ணீர் நூலாக இறங்கும், சில இடங்களில் பாறை மட்டுமே மிஞ்சியிருக்கும். ஆகவே அருவிக் குளியலையும் காட்டுக்குள் நடப்பதையும் மனதில் வைத்து மலையைத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம் உறுதி. இந்த மாதங்களில் மலை தருவது மிதமான குளிர், தெளிந்த வானம், சீசன் கூட்டம் இல்லாத சாலை, இவ்வளவுதான். அதுவே போதுமான காரணம். ஆனால் அவை எல்லா மலையிலும் கிடைப்பதால், அவற்றுக்காக மிகத் தொலைவுக்குப் போக வேண்டியதில்லை.

இனி நேரக் கணக்கு. திருவையாற்றிலிருந்து கல்லணைச் சாலை வழியாகத் திருச்சி, அங்கிருந்து திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் என்றால் சுமார் 250 கிலோமீட்டர். காலை டிபன், தேநீர், பிள்ளைகளுக்காக நிறுத்துவது எல்லாம் சேர்ந்து ஆறரை மணி நேரம் ஆகும். ஊட்டிக்குத் திருச்சி, கரூர், மேட்டுப்பாளையம் வழியாக 300 கிலோமீட்டருக்கு மேல். எட்டு மணி நேரத்துக்குக் குறையாது. ஏற்காட்டுக்கு அரியலூர், பெரம்பலூர், ஆத்தூர், சேலம் வழியாக ஏறக்குறைய 200 கிலோமீட்டர். ஐந்து மணி நேரம் போதும். கொல்லிமலைக்கு முசிறி, நாமக்கல் பக்கமாகப் போனால் அதைவிடக் கொஞ்சம் குறைவு. மூன்று நாளில் பகல் வெளிச்சம் மொத்தம் 36 மணி நேரம் என்று வையுங்கள். ஊட்டிக்குப் போய்வருவதிலேயே அதில் கிட்டத்தட்டப் பாதி கரைந்துவிடும். கொடைக்கானலுக்குப் பதின்மூன்று மணி நேரம் போகும், ஏற்காட்டுக்குப் பத்து. மூன்று நாள் பயணத்தில் கொடைக்கானலுக்கும் ஏற்காட்டுக்கும் மூன்று மணி நேரம்தானே வித்தியாசம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். விடுமுறை ஒட்டாமல் சனி ஞாயிறு மட்டும் கிடைத்தால் 24 மணி நேர வெளிச்சத்தில் அந்த மூன்று மணி நேரம் பெரிதாகிவிடும். மூன்று நாள் கிடைத்தாலும் மணிக்கணக்கு மட்டும் முடிவைச் சொல்லிவிடாது. அந்த மணி நேரம் எப்படிப்பட்ட சாலையில் கழிகிறது என்பதுதான் முக்கியம்.

கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட உயராத தஞ்சைச் சமவெளியில் கார் ஓட்டிப் பழகியவருக்கு மேடு என்றாலே ஆற்றுப்பாலமும் மேம்பாலமும்தான். வத்தலக்குண்டு தாண்டியதும் தொடங்கும் கொடைக்கானல் மலைப்பாதை ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் வளைந்துகொண்டே போகும். இரண்டு மணி நேரம் ஸ்டீயரிங்கை நேராகப் பிடிக்கவே முடியாது. ஏற்காட்டில் அடிவாரச் சோதனைச் சாவடியிலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். முக்கால் மணி நேரத்தில் ஏரிக்கரையில் நிற்கலாம். பின் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு இந்த வேறுபாடு மிகப் பெரிது. கண் காருக்குள் ஒன்றைப் பார்க்க, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உடல் ஆடுவதை உணர, இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல் வருகிறது; வளைவு நீள நீள அது கூடும். மலையேறி வாந்தி எடுத்த பிள்ளைக்கு அன்றைய மீதிப் பொழுது வீண், அம்மாவுக்கும் அப்படியே. கொடைக்கானலில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஊருக்குள் வந்து சேர்ந்ததும் பயணம் முடிந்துவிடுவதில்லை. அங்கே உண்மையில் பார்க்க வேண்டிய பூம்பாறையும் மன்னவனூரும் ஊரிலிருந்து இன்னும் இருபது, முப்பது கிலோமீட்டர் மலைப்பாதையில் இருக்கின்றன. ஏற்காட்டில் ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில் எல்லாமே பத்து கிலோமீட்டர் வட்டத்துக்குள். மதியம் பாட்டி அறையில் படுத்துக்கொள்ள விரும்பினால், அவரை விட்டுவிட்டு மற்றவர்கள் போய் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம். மூன்று தலைமுறை சேர்ந்து போகும் பயணத்தில் இந்த வசதி எந்தக் காட்சிமுனையையும்விடப் பெரியது.

கிட்டத்தான் வேண்டும் என்றால் கொல்லிமலைக்கே போகலாமே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அந்த மலை மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. வல்வில் ஓரி ஆண்ட மலை. அறப்பளீஸ்வரர் கோயில், மிளகும் பலாவும் அன்னாசியும் விளையும் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள், இன்னும் சாமையும் தினையும் பயிரிடும் மேட்டுக்காடுகள், இவையெல்லாம் ஊட்டியில் கிடைக்காத செல்வம். ஆனால் காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கிறது. எழுபதையும் சமவெளி ஓட்டுநர் எண்ணிக்கொண்டு ஏறுவதை நினைத்துப் பாருங்கள். மேலே போனபின் பெயர்பெற்ற ஆகாய கங்கை அருவியைப் பார்க்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஏற வேண்டும். முட்டிவலி உள்ளவரால் நடக்காது, அதோடு பங்குனியில் அருவியும் மெலிந்திருக்கும். தங்கும் இடங்களும் சாப்பாட்டுக் கடைகளும் குறைவு. ஆகவே நாற்பது வயதுக்கு உட்பட்ட தம்பதியும், நடக்கத் தயங்காத பிள்ளைகளும், மலையில் ஓட்டிப் பழகிய கையும் உள்ள வண்டி என்றால் கொல்லிமலைக்குப் போகட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட ஒரு வாரத்தில் போனால் இன்னும் நல்லது. துறையூருக்கு மேலே உள்ள பச்சைமலை இதைவிடப் பக்கம். அது ஒரு நாள் போய்வர ஏற்றது, தங்கிப் பார்க்கும் குடும்பத்துக்கு அல்ல.

'ஏற்காட்டில் அப்படி என்ன இருக்கிறது, ஏழைகளின் ஊட்டி என்றுதானே சொல்வார்கள்' என்ற எதிர்ப்பேச்சுக்கு நேராகவே பதில் சொல்ல வேண்டும். அந்தப் பெயர் ஏற்காட்டை ஊட்டியின் அளவுகோலில் வைத்துக் குறைத்துவிடுகிறது. ஏற்காடு முதலில் ஒரு காப்பி மலை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் அங்கே காப்பிச் செடி வந்தது. இன்றும் சில்வர் ஓக் மர நிழலில் காப்பியும், அந்த மரங்களைச் சுற்றிப் படர்ந்த மிளகுக் கொடியும்தான் மலையின் முகம். மாசி பங்குனியில் ஒரு நல்ல மழை இறங்கினால், ஏழெட்டு நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்து மல்லிகை போல் மணக்கும். இரண்டு மூன்று நாள்தான் அந்தப் பூ நிற்கும் என்பதால் கிடைப்பது அதிர்ஷ்டம். ஆனால் அந்த அதிர்ஷ்டத்துக்கு வாய்ப்புள்ள பருவம் இது ஒன்றே. மே மாதக் கூட்டத்தில் போகிறவர்கள் காப்பிப் பூவைப் பார்த்திருக்க மாட்டார்கள். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் ஒன்றும் அங்கே இருக்கிறது. திருவையாற்றுக்காரர்கள் தவறவிடக் கூடாத இடம் சேர்வராயன் கோயில். மலையுச்சியில் புல்வெளிக்கு நடுவே, குனிந்து நுழையும் குகைக்குள் சேர்வராயனோடு காவேரி அம்மனும் இருக்கிறாள். மலையைச் சேர்வராயனாகவும் ஆற்றைக் காவேரி அம்மனாகவும் அந்த ஊர் மக்கள் கும்பிடுகிறார்கள். காவிரியில் படித்துறை வைத்து வாழும் ஊரிலிருந்து போகும் பாட்டிக்கும் பேரனுக்கும் இதைக் காட்டுவது, படகுத்துறையில் வரிசையில் நிற்பதைவிடச் சிறந்த ஒரு மணி நேரம். கிளியூர் அருவி வறண்டிருக்கும். அதற்காக யாரும் நேரம் ஒதுக்க வேண்டாம்.

குளிர் போதாது என்பது அடுத்த எதிர்வாதம். இதில் உண்மை உண்டு. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு ஆறரை டிகிரி குறையும். தஞ்சையில் பங்குனி மதியம் 34 டிகிரி என்றால், 1,500 மீட்டரை ஒட்டி இருக்கும் ஏற்காட்டில் 25, 26 இருக்கும். 2,100 மீட்டருக்கு மேலே இருக்கும் கொடைக்கானலில் 20, 21. கொடைக்கானல் இரவில் கம்பளி தேவைப்படும், ஏற்காட்டில் ஒரு ஸ்வெட்டர் போதும். ஆனால் டெல்டாவின் புழுக்கத்தில் வளர்ந்த உடலுக்கு எட்டு ஒன்பது டிகிரி இறக்கமே பெரிய மாற்றம். எழுபது வயதுக்காரருக்கும் கைக்குழந்தைக்கும் ஒரே நாளில் பதினான்கு டிகிரி இறக்கமும் அதற்கு மேல் இரவுக்குளிரும் சளியிலும் மூட்டுவலியிலும் முடிய வாய்ப்பு அதிகம். மூச்சுத் தொந்தரவோ இதய நோயோ உள்ளவர்கள் 2,000 மீட்டருக்கு மேல் போகும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. இரவில் ஏதாவது ஆகிவிட்டால் ஏற்காட்டிலிருந்து 30 கிலோமீட்டரில் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பதும் கணக்கில் சேர வேண்டியதுதான்.

இதனால் கொடைக்கானலைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. மூன்று இரவு கிடைக்கிறது, பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டியவர்கள், ஓட்ட இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றால் கொடைக்கானலே மேல். 1863-இல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் உருவாக்கிய ஏரியைச் சுற்றி நடப்பதற்கு ஒரு முழுக் காலை வேண்டும். 1901 முதல் சூரியனைப் பார்த்துப் பதிவு செய்துவரும் வான்நோக்கு நிலையமும், பூம்பாறையின் படிக்கட்டு வயல்களும், குழந்தை வேலப்பர் கோயிலும் அவசரமாகப் பார்த்து ஓடிவர வேண்டியவை அல்ல. அதனால்தான் இரண்டு இரவில் அடக்கிப் பார்ப்பதைவிட வேறொரு முறை முழுதாகப் போகலாம் என்கிறேன். போகிறவர்கள் இ-பாஸை மறக்கக் கூடாது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் தேவை. சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு இரண்டு இடத்திலும் தடை இருப்பதால், வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போய்விடலாம்.

ஊட்டியைப் பொறுத்தவரை என் வாதம் காருக்கு எதிரானதே தவிர ஊருக்கு எதிரானதல்ல. 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் வந்த பல்சக்கர ரயில்தான் அந்த மலையின் அழகில் பாதி. காரில் போகிறவர்கள் அதை இழக்கிறார்கள். மன்னார்குடி – கோயம்புத்தூர் செம்மொழி எக்ஸ்பிரஸ் இரவில் தஞ்சாவூர் வழியாகப் போகிறது. அதில் தூங்கிக்கொண்டே கோவை சேர்ந்து, மேட்டுப்பாளையத்தில் காலை மலை ரயிலைப் பிடிப்பது எட்டு மணி நேரம் கார் ஓட்டுவதைவிட எல்லா வகையிலும் நல்லது. மலை ரயில் இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் பல வாரம் முன்பே பதிவு செய்ய வேண்டும். மூணாறு இந்தப் பருவத்துக்கு வேண்டாம்: இரவிகுளம் மூடியிருக்கும், போடிமெட்டு வழியாக 300 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும், வாடகை வண்டி என்றால் கேரள எல்லையில் வரியும் பெர்மிட்டும் தனி.

ஏற்காடு என்று முடிவானால் சில நடைமுறைகள். சொந்தக் காரா வாடகைக் காரா என்பதற்கு ஒரே அளவுகோல் ஓட்டுநரின் மலைப் பழக்கம். வீட்டில் யாரும் மலைப்பாதையில் ஓட்டியதில்லை என்றால் பேட்டா கொடுத்து பழகிய ஓட்டுநரை அழைத்துப் போங்கள். அவருக்கும் படுக்க நல்ல அறை ஏற்பாடு செய்யுங்கள், சரியாகத் தூங்காதவர் மறுநாள் உங்கள் பிள்ளைகளை வைத்துத்தான் இறங்கப்போகிறார். நீங்களே ஓட்டினால், ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்ற பழைய பாடத்தை விடாதீர்கள். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். வளைவில் ஹாரன் அடிக்க வேண்டும். இருட்டியபின் ஏறவே கூடாது. அதனால் வெள்ளி மாலை பள்ளி விட்டதும் கிளம்பும் திட்டத்தைக் கைவிட்டு, சனி விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்படுங்கள். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் பெருகுமுன் கடந்துவிடலாம். ஆத்தூரிலிருந்து சேலம் வரை நான்குவழிச் சாலை. காலையில் பூரி, வடை வேண்டாம்; இட்லி போதும். மதியத்துக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டால் சேலத்தில் ஓட்டல் தேடும் ஒரு மணி நேரம் மிச்சம். சேலத்திலேயே பெட்ரோல் நிரப்பிவிடுங்கள். குமட்டல் வரும் பிள்ளையை முன்னால் பார்க்கும்படி நடுவில் உட்காரவையுங்கள், கையில் போன் வேண்டாம்.

பள்ளி லீவு விட்டபின் மே மாதத்தில் நிதானமாகப் போகலாமே என்பது கடைசி எதிர்வாதம், வலுவானதும்கூட. நாட்கள் அப்போதுதான் நிறையக் கிடைக்கும். ஆனால் எல்லோருக்கும் அப்போதுதான் கிடைக்கும். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி, நீலகிரிக்கு 6,000-மும் 8,000-மும் என்று நீதிமன்றமே எண்ணிக்கை வகுக்க வேண்டிய அளவுக்கு நெரிசல். மலர்க்கண்காட்சியும் கோடை விழாவும் பார்க்க ஆசைப்படும் வீடு மே மாதத்துக்கே காத்திருக்கட்டும். அந்தக் கூட்டமே அதன் களிப்பு. பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் மலையில் சும்மா உட்கார்ந்திருக்க விரும்பும் வீடு இப்போதே போகட்டும். மூன்றாம் நாள் பதினொரு மணிக்கெல்லாம் மலை இறங்கத் தொடங்கினால், வழியில் நாமக்கல் ஆஞ்சநேயரைப் பார்த்துவிட்டு முசிறி, திருச்சி வழியாக விளக்கு வைப்பதற்குள் திருவையாறு சேர்ந்துவிடலாம். கொஞ்சம் சுற்றுதான், ஆனால் வண்டி வெளிச்சத்திலேயே வீடு வந்து சேரும், மறுநாள் பள்ளிக்குப் பையை எடுத்துவைக்கவும் நேரம் இருக்கும்.